ஜாலியன்வாலா பாக்: தோட்டம் என்று பேர் கொண்ட வெறும் வளவு நினைவிடமானது எப்படி?

கேள்வி இதுதான். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரை ஊர் ஒன்றில், பிரதேச சபையின் பராமரிப்பில் உள்ள சிறு பூங்காவின் ஒரு பகுதியில், அந்த ஊரில் கொல்லப்பட்டவர்களுக்கு நினைவிடம் அமைக்கப் பேச்சு நடக்கிறது. கூட்டத்தில் ஒருவர், "பஞ்சாபில் ஜாலியன்வாலா பாக் பூங்காவைச் செய்த மாதிரிச் செய்வம்" என்றாராம். 1919இல் அமிர்தசரஸில் பிரித்தானியப் படை கூடியிருந்த சனத்தைச் சுட்டுக் கொன்ற அந்த இடம் எப்படித் தேசிய நினைவிடமானது, யாருடைய பணம், யாருடைய பொறுப்பு, அதில் நமக்கு உதவக்கூடியது எது என்று கேட்டிருக்கிறீர்கள்.

பெயரிலிருந்தே தொடங்க வேண்டும். 'பாக்' என்றால் தோட்டம். ஆனால் 1919இல் அங்கே தோட்டம் கிடையாது. மகாராஜா ரஞ்சித் சிங்கின் அவையில் இருந்த ஹிம்மத் சிங் என்ற பிரமுகருடைய குடும்பக் காணி அது. குடும்பத்தின் பூர்வீக ஊர் ஜல்லா. ஆகவே அவர்கள் ஜல்லாக்காரர். காணி ஜல்லாக்காரரின் தோட்டம். காலப்போக்கில் மரங்கள் போய்ப் பேர் மட்டும் மிஞ்சிவிட்டது. சம்பவம் நடந்தபோது இருந்தது சுமார் ஆறரை ஏக்கர் மேடுபள்ளமான வளவு. 400 மீற்றர் ஓட்டப்பாதை போட்ட மைதானம் ஏறக்குறைய நாலு ஏக்கர் பிடிக்கும். அதைப்போல ஒன்றரை மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். சுற்றிவர வீடுகளின் பின்சுவர்கள். உள்ளே ஒரு சமாதிக் கட்டடம், ஒரு கிணறு, சில மரங்கள். போகவரச் சில ஒடுங்கிய வழிகள். பொற்கோயிலுக்குக் கிட்ட இருந்ததால் வந்தவர்கள் இளைப்பாறுவார்கள், ஊர்க் கூட்டங்கள் நடக்கும். சனம் பொது இடமாகப் புழங்கியது. காணி உறுதி மட்டும் தனியார் கையில் இருந்தது. நம்முடைய பக்கத்திலும் இப்படிப் புழங்கும் காணிகள் எத்தனையோ. பின்னால் வரும் சிக்கல்களில் பாதி இந்த இடத்தில் முளைத்ததுதான்.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். விசாரணை இல்லாமல் மறித்து வைக்க அதிகாரம் தந்த ரௌலட் சட்டம் 1919 மார்ச்சில் நிறைவேறியது. மார்ச் 30, ஏப்ரல் 6 ஆகிய இரண்டு நாளும் அமிர்தசரஸில் கடையடைப்பு. ஏப்ரல் 9 இராம நவமி ஊர்வலத்தில் இந்துக்களும் முஸ்லிம்களும் ஒரே பாத்திரத்தில் தண்ணீர் குடித்தார்கள். அதிகாரிகளைக் கலங்க வைத்தது இந்தக் காட்சிதான் என்று சொல்பவர்கள் உண்டு. மறுநாள், ஏப்ரல் 10, ஊரின் இரண்டு தலைவர்கள், டொக்டர் சத்யபாலும் டொக்டர் சைபுதீன் கிச்லூவும், கைதுசெய்யப்பட்டுத் தர்மசாலாவுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அவர்களை விடச் சொல்லிப் போன கூட்டத்தின்மீது ரயில் பாலத்தடியில் துப்பாக்கிச் சூடு. ஆத்திரப்பட்ட கூட்டம் வங்கிகளுக்குத் தீ வைத்தது. ஐரோப்பியர் ஐந்து பேர் கொல்லப்பட்டார்கள். ஜலந்தரிலிருந்து பிரிகேடியர் ஜெனரல் ரெஜினால்ட் டயர் வந்து பொறுப்பெடுத்தார்.

ஏப்ரல் 13 ஞாயிற்றுக்கிழமை, வைசாகி. நமக்குச் சித்திரை வருடப்பிறப்பு எந்தக் கணக்கோ அதே சூரியக் கணக்குத்தான் அவர்களுக்கும். சுற்றுக் கிராமங்களிலிருந்து கோயிலுக்கும் மாட்டுச் சந்தைக்கும் வந்த சனம் நகரில் நிறைந்திருந்தது. கூட்டம் கூடத் தடை என்று காலையில் பறையடித்து அறிவித்தார்கள், ஆனால் நகரின் சில இடங்களில் மட்டும். பிற்பகல் சந்தையை மூடியதும் கிராமத்தவர்கள் போக இடமில்லாமல் வளவுக்குள் வந்து உட்கார்ந்தார்கள். தடையை மீறிக் கூட்டத்துக்கு வந்தவர்களும், தடை என்று ஒன்று இருப்பதே தெரியாதவர்களும் ஒரே இடத்தில்.

மாலை ஐந்தேகால் அளவில் டயர் வந்தார். துவக்குக்காரர் 50 பேர். குக்ரிக் கத்தி மட்டும் வைத்திருந்த கூர்க்காக்கள் 40 பேர். கூடவே கொண்டுவந்த இரண்டு கவச வாகனங்களும் ஒழுங்கைக்குள் நுழைய முடியாமல் வெளியே நின்றுவிட்டன. நுழைய முடிந்திருந்தால் அவற்றிலிருந்த இயந்திரத் துப்பாக்கிகளையும் பாவித்திருக்கக்கூடும் என்று டயர் பிறகு விசாரணையில் ஒப்புக்கொண்டார். உள்ளே நுழைந்தவுடன் இருந்த மேட்டில் இரண்டு பக்கமும் படையினரை நிறுத்தி, எச்சரிக்கை எதுவும் இல்லாமல் சுடச் சொன்னார். பத்து நிமிடம். 1650 ரவைகள்.

இந்தக் கணக்கை ஒருக்கால் வகுத்துப் பாருங்கள். 1650 ரவை, 50 துவக்கு: ஆளுக்கு 33. பத்து நிமிடத்தில் 33 என்றால் நிமிடத்துக்கு மூன்று, மூன்றரை. லீ என்பீல்ட் துவக்கில் பயிற்சி பெற்ற சிப்பாய் நிமிடத்துக்குப் பதினைந்து ரவை குறிபார்த்துச் சுடுவான். ஆகவே பதறிப்போய்ப் பொழிந்த சூடு என்று சொல்ல இடமில்லை. நிறுத்தி, குறிபார்த்து, கூட்டம் எங்கே அடர்த்தியோ அங்கே திருப்பித் திருப்பிச் சுட்ட சூடு. வழிகளை நோக்கி ஓடியவர்கள்மீதும் மதிலில் ஏறியவர்கள்மீதும் விழுந்தது அதனால்தான். காயப்பட்டவர்களுக்கு எந்த ஏற்பாடும் செய்யாமல் படை திரும்பியது. எட்டு மணிக்குப் பிறகு ஊரடங்கு. வீட்டாருக்குத் தேடிப்போக நேரம் இருக்கவில்லை. இரவு முழுவதும் காயக்காரர்கள் வளவிலேயே கிடந்தார்கள். அமிர்தசரஸில் இராணுவச் சட்டம் முறைப்படி வந்தது ஏப்ரல் 15இல்தான். சுட்ட நேரத்தில் அந்தச் சட்டத்தின் மறைப்புக்கூட இருக்கவில்லை.

எத்தனை பேர் இறந்தார்கள் என்ற கேள்விக்கு வருவோம். நினைவிடம் கட்ட நினைக்கும் எந்த ஊருக்கும் இதுதான் முதல் பாடம். அரசு கணக்கெடுக்க முயன்றது மூன்று மாதம் கழித்து. இறந்தவர்களின் பெயரைத் தாருங்கள் என்று சனத்திடம் கேட்டது. பெயர் கொடுத்தால் நம் வீட்டார் தடைசெய்த கூட்டத்துக்குப் போனவர் என்று நாமே ஒப்புக்கொண்டதாகுமே என்ற பயத்தில் பலர் வாய் திறக்கவில்லை. வெளியூரிலிருந்து வந்து இறந்த கிராமத்தவர்களுக்காகக் கேட்க நகரில் ஆளே இல்லை. கடைசியில், அரசு அமைத்த ஹன்டர் விசாரணைக் குழுவின் அறிக்கையில் விழுந்த எண் 379. காங்கிரஸ் நடத்திய தனி விசாரணை ஆயிரத்தை ஒட்டி மதிப்பிட்டது. அந்த விசாரணையில் காந்தி, சி. ஆர். தாஸ், அப்பாஸ் தியாப்ஜி, ஜெயகர் ஆகியோர் இருந்தார்கள், செயலாளர் கே. சந்தானம், கும்பகோணத்துக்காரர், லாகூரில் வழக்கறிஞர். 1700க்கு மேற்பட்டவர்களின் வாக்குமூலம் எடுத்து, அதில் 650 அளவைத் தெரிந்து அச்சிட்டார்கள். அரசு அறிக்கையை மறுக்க இன்றைக்கும் ஆய்வாளர்கள் கையில் எடுப்பது இந்த வாக்குமூலங்களைத்தான். தூபி கட்டுவதற்கு நாற்பது வருடம் முன்பே எழுத்தில் ஒரு நினைவிடம் எழும்பிவிட்டது என்றே சொல்வேன்.

இலங்கையில் வாசிக்கிறவர்களுக்கு ஒரு பக்கக் குறிப்பு. இதற்கு நாலு வருடம் முன்னர், 1915 கலவரத்தின்போது, இங்கேயும் இராணுவச் சட்டம் போட்டு ஆட்களைச் சுட்டார்கள். பொன்னம்பலம் இராமநாதன் இலண்டன் வரை போய் முறையிட்டார். ஆளுநர் சாமர்ஸ் திருப்பி அழைக்கப்பட்டார். பஞ்சாபின் லெப்டினன்ட் கவர்னர் மைக்கேல் ஓட்வயரோ டயரை வெளிப்படையாக ஆதரித்தார். டயரைப் பதவி விலகச் செய்தார்கள். ஆனால் 1920 ஜூலையில் பிரபுக்கள் சபை அவருக்குச் சார்பாக 129க்கு 86 என்று வாக்களித்தது; ஒரு பத்திரிகை அவருக்காக 26,000 பவுணுக்கு மேல் திரட்டியது. ஓட்வயரை 1940 மார்ச் 13இல் இலண்டன் கக்ஸ்டன் மண்டபத்தில் உதம் சிங் சுட்டுக் கொன்றதும், ஜூலை 31இல் தூக்கிலிடப்பட்டதும் பலருக்குத் தெரிந்த கதை.

நினைவிடக் கதை வழக்கமாகத் தூபியிலிருந்து சொல்லப்படுகிறது. உண்மையில் அது காணி வாங்கியதில் தொடங்குகிறது. 1919 டிசம்பரில் காங்கிரஸ் மாநாடு அமிர்தசரஸிலேயே கூடியது, தலைமை மோதிலால் நேரு. வளவை வாங்கி நினைவிடமாக்குவது என்ற முடிவும், அதற்கான பொறுப்பாண்மைக் குழுவும் அதை ஒட்டி வந்தவை. குழுவின் முன்னணியில் மதன் மோகன் மாளவியா. பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்துக்காக நாடெங்கும் கை நீட்டிப் பழகியவர்; பணம் கேட்பதில் அவரை விஞ்ச ஆள் இல்லை. காந்தியும் சேர்ந்து கேட்டார். பணம் சேராவிட்டால் ஆசிரமத்தை விற்றாவது தருவேன் என்ற அளவுக்குப் போனார். கடைசியில் 1920 ஓகஸ்ட் 1இல் சுமார் 5.65 இலட்சம் ரூபாய்க்குக் காணி கைமாறியது. உரிமை பல பங்குக்காரரிடம் பிரிந்து கிடந்தது; ஒவ்வொருவரின் பங்கையும் சேர்த்தால்தான் வளவு முழுமையாகும். இன்று ஒரு பங்காளியின் கையெழுத்து வாங்க வெளிநாட்டுக்கு அற்றோர்னித் தத்துவம் அனுப்பி அலைகிறவர்களுக்கு இந்த வேலையின் பாரம் விளங்கும்.

அப்போது எழுந்த ஒரு எதிர்ப்பையும் சொல்ல வேண்டும். இப்படி ஒரு இடம் வைத்தால் பகைதானே வளரும் என்று சிலர் கேட்டார்கள். காந்தியின் பதிலின் சாரம்: குற்றமில்லாமல் இறந்தவர்களை நினைப்பது நம் கடன்; வஞ்சத்தை வளர்ப்பது நோக்கமாகக் கூடாது. மட்டக்களப்பு மாதிரி தமிழரும் முஸ்லிமும் ஒருவர் வேலியில் ஒருவர் சாய்ந்து வாழும் இடத்தில், கல்லில் என்ன வாசகம் எழுதுவது என்று உட்காரும்போது இந்தப் பேச்சு கட்டாயம் வரும். வரட்டும். கல் வெட்டுவதற்கு முன் வருவதுதான் நல்லது.

காணி வாங்கியாயிற்று, ஆனால் கட்டடம் உடனே எழவில்லை. 27 வருடம் பிரித்தானிய ஆட்சியின் கீழ் அந்த வளவு காக்கப்பட்டதே ஒழியக் கட்டப்படவில்லை. மாளவியா நியமித்த வங்காளத்து டொக்டர் சஷ்டி சரண் முகர்ஜி அதன் செயலாளராக இருந்து பராமரித்தார். சுதந்திரத்துக்குப் பிறகு 1951இல் ஜாலியன்வாலா பாக் தேசிய நினைவிடச் சட்டம் வந்தது. அந்த வருடத்தின் 25ஆம் இலக்கச் சட்டம். 'தேசிய' என்ற சொல் காணிக்கு ஒட்டியது இந்தச் சட்டத்தால்தான். நேரு, கிச்லூ, மௌலானா ஆசாத் மூவரும் வாழ்நாள் பொறுப்பாளர்கள். அவர்களோடு காங்கிரஸ் தலைவர், பஞ்சாப் ஆளுநர், பஞ்சாப் முதலமைச்சர், மத்திய அரசு நியமிக்கும் மூவர். முன்பு கைதாகிக் கொண்டுபோகப்பட்ட அதே கிச்லூ இப்போது சட்டத்தில் பெயர் குறிக்கப்பட்ட பொறுப்பாளர் என்பதைக் கவனியுங்கள்.

அந்தப் பட்டியலில் ஒரு ஓட்டையும் இருந்தது. ஒரு அரசியல் கட்சியின் தலைவர் பதவி வழியாகவே பொறுப்பாளர் ஆகிறார். பணம் திரட்டியது அந்தக் கட்சி என்பதால் 1951இல் யாருக்கும் அது உறுத்தவில்லை. ஆட்சி மாறியபின் உறுத்தியது. 2019 நவம்பரில் சட்டத்தைத் திருத்திக் காங்கிரஸ் தலைவரை நீக்கினார்கள். நியமனப் பொறுப்பாளரை ஐந்து வருடத் தவணை முடியுமுன் அகற்றும் அதிகாரத்தையும் மத்திய அரசு அதே திருத்தத்தில் எடுத்துக்கொண்டது. முதல் மாற்றத்துக்கு நியாயம் சொல்லலாம். இரண்டாவது, பொறுப்பாண்மை என்பதன் கருத்தையே கரைப்பது என்பது என் எண்ணம்.

தூபி 1961 ஏப்ரல் 13இல் திறக்கப்பட்டது. திறந்தவர் குடியரசுத் தலைவர் இராஜேந்திர பிரசாத். வடிவமைத்தவர் அப்போது இந்தியாவில் தொழில் செய்த அமெரிக்கக் கட்டடக் கலைஞர் பெஞ்சமின் போல்க். சுடரின் சாயலில் மேலே ஒடுங்கும் செம்மணற்கல் தூண், சுற்றிக் கல் விளக்குகள். 1919 ஏப்ரல் 13 தியாகிகள் நினைவாக என்ற வரி ஹிந்தி, பஞ்சாபி, உருது, ஆங்கிலம் என்று நாலு மொழியில். இறந்தவர்களில் இந்துக்கள், சீக்கியர், முஸ்லிம்கள் மூன்று தரப்பும் இருந்தார்கள். பிரிவினையில் முஸ்லிம்கள் நகரத்தை விட்டே போய்விட்டார்கள். வாசிக்கிறவர்கள் பெரும்பாலும் போன பிறகும் கல்லில் உருது நின்றது.

நல்ல தூபிதான். ஆனால் அங்கே போகிறவர்கள் அதிக நேரம் நிற்பது அதன் முன்னால் இல்லை, சுவருக்கு முன்னால். பழைய செங்கல் சுவர் ஒன்றில் 36 ரவைத் தடங்கள் தெரியும். வெள்ளைக் கோட்டால் ஒவ்வொன்றையும் சுற்றிக் காட்டியிருக்கிறார்கள். சிலது தலை உயரம், சிலது அதற்கு மேலே. மேலே உள்ளவை மதிலில் ஏறியவர்களைச் சுட்டவை என்று யாரும் விளக்கத் தேவையில்லை. அடுத்தது கிணறு. சூட்டுக்குத் தப்பிக் குதித்தவர்களும் நெரிசலில் விழுந்தவர்களுமாக 120 உடல்கள் அதிலிருந்து எடுக்கப்பட்டதாக அங்குள்ள பலகை சொல்கிறது. மூன்றாவது, உள்ளே போகும் ஒழுங்கை. கவச வாகனம் ஏன் வரமுடியாமல் போனது, உள்ளே இருந்தவர்கள் ஏன் வெளியேற முடியாமல் போனார்கள் என்ற இரண்டு கேள்விக்கும் அந்த ஒழுங்கையின் அகலமே பதில். வெறும் செங்கல், தூசி, இருட்டு. நடந்து போனாலே நெஞ்சு அடைக்கும்.

2021இல் கெட்டது இந்த ஒழுங்கைதான். நூற்றாண்டை ஒட்டிப் புதுப்பிப்பு வேலை தொடங்கி, 2021 ஓகஸ்ட் 28இல் பிரதமர் மோடி திறந்து வைத்தார். ஒழுங்கைச் சுவர் நெடுக, சிரித்தபடி கூட்டத்துக்குப் போகும் சனத்தின் புடைப்புச் சிற்பங்கள். கீழே மினுங்கும் தரை. கிணற்றைச் சுற்றிக் கண்ணாடி. தாமரைத் தடாகம், காட்சிக்கூடங்கள், ஒளி-ஒலிக் காட்சி. வரலாற்றாசிரியர்கள் பலர் கண்டித்தார்கள். வேலைத்தரம் மட்டமென்று யாரும் சொல்லவில்லை. சாட்சி மூடப்பட்டதே குற்றச்சாட்டு. சிற்பம் எவ்வளவு நேர்த்தியானாலும், அது அன்று அங்கே இருந்த பொருள் இல்லை. சுவர் இருந்தது. கண்ணாடியும் அன்று இருந்ததல்ல. ஆழத்தை எட்டிப் பார்க்கிற இடத்தில் உங்கள் முகமே திருப்பித் தெரிந்தால் கிணறு எங்கே? பேரில் மட்டும் தோட்டமாக இருந்த வளவை நூறு வருடமாகத் துண்டு துண்டாக உண்மையான தோட்டமாக்கி வருகிறார்கள்: புல், பாத்தி, நடைபாதை, விளக்கு. ஒவ்வொரு தடவையும் 1919 கொஞ்சம் பின்னால் போகிறது.

அதே மாதம், ஓகஸ்ட் 14இல், பஞ்சாப் மாநில அரசு அமிர்தசரஸின் இன்னொரு பகுதியிலுள்ள அமிர்த ஆனந்த பூங்காவில் தனியாக ஒரு நினைவிடம் திறந்தது. அதில் 488 பெயர்கள் வெட்டப்பட்டுள்ளன. அரசு அறிக்கையின் 379ஐ விட நூற்றுக்கு மேல் அதிகம், அதுவும் நூறு வருடம் கழித்து. பூங்காவை நினைவிடமாக்குவது என்று உங்கள் கூட்டத்தில் சொன்னாரே, சொல்லுக்குச் சொல் அதற்குப் பொருந்துவது இந்த இரண்டாவது இடம்தான். சம்பவம் நடந்த நிலம் அது இல்லை; ஆகவே எதையும் மறைக்கும் பயமின்றிப் புதிதாகக் கட்டலாம். உங்கள் பூங்கா இந்த இரண்டில் எந்த வகை என்று முதலில் முடிவு செய்யுங்கள். கொலை நடந்தது அந்தக் காணியிலா, வேறிடத்திலா? நடந்த இடம் என்றால் குறைவாகத் தொடுங்கள். வேறிடம் என்றால் சிற்பி கை சுதந்திரமாக ஓடலாம்.

இனி நம்முடைய நிலத்துக்கு.

காணி. சபைப் பூங்கா என்று வாயால் சொல்வது போதாது. நில அளவைப் படத்தையும், காணி அரச காணியா, சபைக்குப் பாரப்படுத்தியதா, யாரோ நன்கொடையாகக் கொடுத்ததா என்பதையும் எடுத்துப் பாருங்கள். நன்கொடை என்றால் 'பூங்காவுக்கு மட்டும்' என்ற நிபந்தனை உறுதியில் இருக்கலாம். சபைத் தீர்மானம் ஒன்றை நம்பி மட்டும் கட்டாதீர்கள். ஒரு சபை போட்ட தீர்மானத்தை அடுத்த சபை மாற்றலாம். 2023 மார்ச்சிலிருந்து 2025 மே தேர்தல் வரை உள்ளூராட்சி சபைகளில் தெரிவுசெய்யப்பட்ட உறுப்பினரே இல்லாமல் செயலாளர்கள் நடத்தினார்கள் என்பதை மறக்க வேண்டாம். அந்த இடைவெளியில் பாதியில் நின்ற வேலைகளைக் கையெழுத்து வைக்க ஆளைத் தேட வேண்டியிருந்திருக்கும். தனியார் காணி வாங்குவதாக இருந்தால், நம்பிக்கைப் பொறுப்பு எழுத்தில், நொத்தாரிசு முன்னிலையில் முடிய வேண்டும். 1917ஆம் ஆண்டின் நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டம் அசையாச் சொத்துக்கு அதைத்தான் கேட்கிறது. முடித்த கையோடு காணிப் பதிவகத்தில் பதியுங்கள். பதியாத உறுதி, பின்னால் எழுதிப் பதிந்த உறுதிக்கு முன்னுரிமையை இழக்கும் ஆபத்து உண்டு. பொறுப்பாளர் பட்டியலில் எந்தக் கட்சிப் பதவியையும் போடாதீர்கள். ஏன் என்று 2019இல் பார்த்தோம். கோயில் தலைவர், பள்ளிவாசல் தலைவர், பாடசாலை அதிபர் என்று ஊர்ப் பதவிகளைப் போடுவது நிலைக்கும்.

பெயர்ப் பட்டியல். கல் வெட்டுவதற்கு முன் குறைந்தது இரண்டு தடவை ஊருக்குள் ஒட்டி வையுங்கள். முழுப்பெயர், வயது, தகப்பன் பெயர் அல்லது ஊர். முதலெழுத்து மட்டும் போட்டால் ஒரே பெயரில் இரண்டு பேர் ஒருவராகிவிடுவார்கள். பெயர் வைக்காத குழந்தை இருந்தால் 'இன்னாரின் குழந்தை' என்று ஒரு வரியாக வரவேண்டும், அடைப்புக்குறிக்குள் எண்ணாக அல்ல. அன்று ஊரில் தங்கி நின்ற வெளியூரவரை மறந்துவிடாதீர்கள். அமிர்தசரஸில் கணக்கில் விடுபட்டவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான். கடைசிக் கல்லில் பத்து வரியாவது வெறுமையாக விடுங்கள். பெயர் பின்னால் வரும்.

எழுத்து வெட்டும் இடத்தில் நடக்கும் பிழை ஒன்று நமக்கே உரியது. பட்டியலைப் பாமினி எழுத்துருவில் அடித்துக் கொடுப்பார்கள். கடைக்காரரின் கணினி அதை யூனிகோடாக மாற்றும்போது கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் போய்விடும். 'கௌரி', 'ஸ்ரீ' போன்றவை அதிகம் சிதையும். திரையில் பார்த்துச் சரி சொல்லாதீர்கள். உண்மை அளவில் கடதாசியில் அடித்தெடுத்து, ஒவ்வொரு குடும்பமும் தன் வரிக்கு நேரே கையெழுத்து வைக்கட்டும். ஒரு கை தூரத்தில் நின்று வாசிக்க 20 மில்லிமீற்றர் உயர எழுத்து போதும். வரிக்கு 35 மில்லிமீற்றர் வைத்து, மேலும் கீழும் 75 விட்டால், நாலடி உயரக் கறுப்புக் கருங்கல்லில் 30 பெயர் வசதியாக அடங்கும். தங்க மை பூசுவதை விட ஆழமாக வெட்டுவதில் காசு போடுங்கள்; மை வெயிலில் போகும், வெட்டு நிற்கும்.

கட்டுமானத்தில் எதிரி உப்பு. பக்கத்தில் வாவி, அதற்கு அப்பால் கடல். கழுவாத கடல்மணல் கலந்தால், கம்பி உள்ளே துருவேறிப் பருத்துச் சில வருடத்தில் தூணை வெடிக்க வைக்கும். மண்ணிறக் கறை முதலில் வரும், பிறகு காரை கழன்று விழும். ஆற்று மணல், கம்பிக்கு மேல் எல்லாப் பக்கமும் இரண்டு அங்குலக் கொங்கிரீட், குறைந்தது ஏழு நாள் நனைப்பு. கற்பலகையைப் பசையால் மட்டும் ஒட்டினால் மாரி மழையில் பின்னால் தண்ணீர் புகுந்து ஒருநாள் விழும். துருப்பிடிக்காத உருக்கு ஆணி, ஒரு பலகைக்கு நாலு, கட்டாயம். வேலையை மார்கழி மழைக்கு முன் முடியுங்கள், இல்லையேல் தை முடியும் வரை பொறுங்கள்.

காணியில் அந்த நாளின் சுவரோ கிணறோ மரமோ மிஞ்சி இருந்தால், முதல் வேலையாக அளவுகோல் வைத்துப் படம் எடுத்து ஆவணப்படுத்துங்கள். பிறகு பூச வேண்டாம், வெள்ளையடிக்க வேண்டாம். இதற்கு அமிர்தசரஸ் வரை போகத் தேவையில்லை. 1990 ஓகஸ்ட் 3இல் தொழுகையில் நின்றவர்கள் சுடப்பட்ட காத்தான்குடிப் பள்ளிவாசல் சுவர்களில் ரவைத் துளைகளை அப்படியே வைத்திருக்கிறார்கள். போய்ப் பார்த்து, எப்படிப் பராமரிக்கிறீர்கள் என்று பொறுப்பானவர்களிடம் கேளுங்கள். அதே வருடம் செப்டெம்பர் 9 படுகொலைக்கான சத்துருக்கொண்டான் தூபியையும், மகிழடித்தீவில் உள்ள தூபியையும் ஒரே நாளில் பார்த்துவரலாம். எது வெயிலில் மங்கியிருக்கிறது, எங்கே தண்ணீர் தேங்குகிறது, பெயரை வாசிக்கக் குனிய வேண்டியிருக்கிறதா என்று ஒரு கொப்பியில் குறித்துக்கொண்டு வாருங்கள்.

கிணறு இருந்தால் கண்ணாடி போடலாமா என்று தனியாகக் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். நம்முடைய ஈரக் காற்றில் உட்பக்கம் எந்நேரமும் வியர்த்து, மாதக்கணக்கில் பாசி பிடித்துவிடும். துடைக்க உள்ளே இறங்க முடியாது. இடுப்பு உயரத்துக்குச் சுற்றுச்சுவர் எழுப்பி, காற்றோட்டமான இரும்பு வலை போட்டு, வலையைக் கழற்றக்கூடிய பூட்டோடு வையுங்கள். வருடம் ஒருக்கால் கழற்றி, துருவைத் தேய்த்து, துத்தநாகம் கலந்த பூச்சு அடித்தால் போதும். சாவி யாரிடம் என்பதைப் பொறுப்பு உறுதியிலேயே எழுதிவிடுங்கள்.